கை நுழையும் சந்து

ஜனவரி 9, வியாழன்

பனி நிற்கவே இல்லை. காலையில் ஆர்விட் வாசல் பனியைத் தள்ளிக் கொடுத்திராவிட்டால் வண்டியை எடுத்திருக்க முடியாது. புருஷன் என்று ஒருத்தன் இருப்பதற்கு ஜனவரியில்தான் அர்த்தம் தெரிகிறது.

ஒர்க்‌ஷாப்பில் இரண்டு பிரேக், ஒரு ஹீட்டர். புதிதாக வந்திருக்கும் இவெட் என் பக்கத்து இடத்துக்கே மாறிவிட்டாள். அவள் டூல் பாக்ஸை இரண்டு பேர் தள்ளிக்கொண்டு வந்தார்கள். சிவப்பு. என்னுடையதைப் போல ஒன்றரை மடங்கு. ஒவ்வொரு இழுப்பறையிலும் நுரைப்பலகையை வெட்டி, ஒவ்வொரு ஸ்பானருக்கும் அதன் வடிவத்திலேயே குழி. முதலாளி ஜீன் பிறந்த குழந்தையைப் பார்ப்பதுபோல் சுற்றிச் சுற்றி வந்து பார்த்தார். "பாத்தியா மார்லீன், எப்படி வச்சிருக்கா!"

பார்த்தேன். ஸ்பானரைத் தொட்டில் கட்டிப் படுக்க வைத்தால் போல்ட் தானாகக் கழன்று விடுமா?

ஜனவரி 13, திங்கள்

இதை எழுதியே ஆகவேண்டும், இல்லாவிட்டால் தூக்கம் வராது.

இந்த ஒர்க்‌ஷாப்பில் எதுவும் எட்டவில்லை என்றால் என்னைத்தான் கூப்பிடுவார்கள். இருபது வருஷமாக அப்படித்தான். என் கை சின்னது. இன்ஜினுக்குப் பின்னால், குழாய்களுக்கு நடுவில், யார் கையும் போகாத சந்தில் என் கை போகும். கண்ணால் பார்க்காமலே விரல் நுனியால் போல்ட்டைக் கண்டுபிடித்துக் கழற்றுவேன். டூல் விற்கும் வண்டி வாராவாரம் வந்து நிற்கும்போதெல்லாம் ஜீன் அந்த ஆளிடம் சொல்வார்: "உன் வண்டியில எல்லாம் இருக்கு, மார்லீன் கை மட்டும் இல்ல." எத்தனை தடவை கேட்டிருப்பேன்! ஒவ்வொரு தடவையும் முகத்தைச் சுளித்துக்கொண்டே உள்ளுக்குள் குளிர்ந்திருக்கிறேன்.

இன்று நான் பாத்ரூம் போய்விட்டு வருவதற்குள் எங்களோடு வேலை செய்யும் கிளைட் ஏதோ ஹோஸ் கிளிப் எட்டவில்லை என்று கத்தியிருக்கிறான். இவெட் போய் இடது கையை விட்டுக் கழற்றிக் கொடுத்துவிட்டாள். இடது கைக்காரி. நான் வரும்போது கிளைட் பல்லைக் காட்டிக்கொண்டு நிற்கிறான்.

"உன்னத்தான் கூப்பிட்டேன் மார்லீன். நீ சிம்மாசனத்துல உக்காந்திருந்தே."

சிரித்துவைத்தேன். வயிறு எரிந்தது. ஒரு கிளிப்புக்கு இவ்வளவா என்று என்னையே கேட்டுக்கொள்கிறேன். ஆமாம், இவ்வளவுதான்.

ஜனவரி 14, செவ்வாய்

லெராயின் பிக்கப் வந்திருக்கிறது. முன்னால் பனி தள்ளும் பலகை கட்டிய அதே பழைய வண்டி. மலைமேல் இருக்கிற தெருக்கள் பாதிக்கு லெராய்தான் பனி தள்ளுகிறான். இன்ஜினோடு புகைக்குழாயைப் பிடித்திருக்கும் போல்ட்களில் கடைசிச் சிலிண்டரின் போல்ட் உடைந்துவிட்டது. ரோட்டில் கொட்டுகிற உப்பு தின்றிருக்கிறது. தலை விழுந்துவிட்டது, மிச்சத் துண்டு இன்ஜினுக்குள்ளேயே. அந்த இடைவெளி வழியாகப் புகை கசிந்து, லெராய் உட்காரும் இடத்துக்கே வருகிறது.

"மத்தியானமானா தலை வலி மண்டையைப் பொளக்குது," என்றான். "என் பொண்டாட்டி நான் குடிச்சுட்டு வர்றேன்னு நினைக்கிறா."

"குடிக்கிறதும் உண்டுதானே," என்றான் கிளைட்.

"அது ராத்திரி. இது பட்டப்பகல்ல."

ஜீன் சிரிக்கவில்லை. புகை விஷயம் விளையாட்டில்லை. ஆனால் அந்தப் போல்ட் இன்ஜினையும் டிரைவர் உட்காரும் இடத்தையும் பிரிக்கும் தகரச் சுவரை ஒட்டி இருக்கிறது. டிரில் மெஷினைக் கொண்டுபோக இடமே இல்லை. இன்ஜினையே இறக்குவதென்றால் பெரிய பனிப்புயல் வரப்போகிறது என்கிறார்களே, அதற்குள் ஆகாது. ஜீன் என்னைத்தான் பார்த்தார். "மார்லீன், உன் கை."

"நாளைக்குப் பாக்கறேன்," என்றேன். மனசு பட்டாசு மாதிரி வெடித்தது. இவெட் பக்கம் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. பார்த்துவிட்டேன், பொய் ஏன்.

ஜனவரி 15, புதன்

கை போகிறது. விரல் மடங்கவில்லை.

ஜனவரி 16, வியாழன்

நேற்று ஒரு வரிக்கு மேல் எழுத மனசு வரவில்லை.

வலது முன் சக்கரத்தைக் கழற்றி, உள் தகரத்தையும் கழற்றி, அந்த வழியாகக் கையை விட்டேன். பழைய வழி, தெரிந்த வழி. ஆனால் என் குட்டி டிரில்லைச் சுற்றி விரலை மடக்கியதும் நடுவிரல் மூட்டு ஹீட்டர் குழாய்க் கொக்கியில் இடித்து நின்றுவிட்டது. மூட்டு தடித்திருக்கிறது. இலையுதிர் காலத்திலிருந்தே தெரியும். காலையில் காபி டம்ளரைப் பிடிக்கும்போதே தெரியும். ஆர்விட்டிடம்கூடச் சொல்லவில்லை.

ஜீனிடம் என்ன சொன்னேன்? "துரு கெட்டியா இருக்கு, ரெண்டு மூணு நாள் எண்ணெய் ஊறட்டும்." ஊறட்டும் என்று அவரும் தலையாட்டினார்.

இன்று டூல் வண்டி வந்தது. எல்லோரும் உள்ளே ஏறி இருந்ததையெல்லாம் புரட்டினார்கள். வளைந்த தலை டிரில் ஒன்று இருந்தது, தலை நீளம். துளைக்கு வழிகாட்டும் தகடு ஒன்று இருந்தது, வேறு இன்ஜினுக்கானது. சரியான தகடு வர ஒரு மாதம் ஆகும் என்றான் வண்டிக்காரன். "ஒரு மாசத்துல நான் செத்தே போயிருப்பேன்," என்றான், விசாரிக்க வந்திருந்த லெராய்.

அப்போது இவெட் கேட்டாள்: "என் குட்டி டிரில் அங்க போகும். ஆனா சாதா பிட் போட்டா வலப்பக்கம் சுத்தி, உடைஞ்ச துண்டை இன்னும் இறுக்கிடும். எதிர்ப்பக்கம் சுத்துற பிட் வேணும். துளை போடப் போட, அதுவே துண்டைக் கடிச்சுக் கழட்டிடும். என்னோட செட்டு பழைய ஒர்க்‌ஷாப்புல உடைஞ்சுபோச்சு. வண்டியில இருக்கா?"

வண்டியில் தீர்ந்துபோயிருந்தது. அவள் எங்கள் பக்கம் திரும்பினாள். "உங்க யார்கிட்டயாவது?"

கிளைட் இல்லை என்றான். நானும் இல்லை என்றேன்.

என் மூன்றாவது இழுப்பறையில், நீலப் பெட்டியில், முழு செட்டும் இருக்கிறது.

எங்கள் தொழிலில் யாரும் அடுத்தவர் இழுப்பறையைத் திறக்கமாட்டார்கள். படுக்கையறைக் கதவைத் திறப்பதுபோல் அது. இல்லை என்று நான் சொன்னால் இல்லைதான், யாரும் வந்து பார்க்கப் போவதில்லை. ஒரு தடவை இரவல் கேட்கலாம், இரண்டாம் தடவை கேட்டால் போய் வாங்கிக்கொள் என்பார்கள், அதுதான் வழக்கம். அவள் கேட்டது முதல் தடவை. கேட்க எல்லா நியாயமும் அவளுக்கு இருந்தது.

கொடுத்தால் என்ன ஆகும்? அவள் இடது கை நேராக உள்ளே போகும். போல்ட் வெளியே வரும். அப்புறம் என்னை யார் கூப்பிடுவார்கள்?

ஜனவரி 17, வெள்ளி

கிளைட் ஒரு நட்டை அந்தத் துண்டின்மேல் வெல்டிங் வைத்துத் திருப்பிப் பார்க்கிறேன் என்று இறங்கினான். எட்டவில்லை. தன் புருவத்தைக் கொஞ்சம் பொசுக்கிக்கொண்டதுதான் மிச்சம். ஜீன், "திங்கக்கிழமை இவெட் முயற்சி பண்ணட்டும். சாதா பிட்டோ என்னவோ, வேற வழியில்ல," என்றார்.

என்னைக் கேட்கவே இல்லை. இன்னும் இரண்டு நாள் எண்ணெய் ஊறட்டும் என்று நானே சொன்னதுதான். நல்லா வேணும் எனக்கு.

சாதா பிட் போட்டால் கெடும், எனக்குத் தெரியும். அது வழுக்கி இன்ஜின் உடம்புக்குள் இறங்கினால் லெராய் வண்டி அவ்வளவுதான். அவள் பேர் கெட்டுப்போகும். அதை நினைத்து ஒரு நிமிஷம் நன்றாக இருந்தது. எழுதிவிட்டேன். அழிக்கப் போவதில்லை.

ஜனவரி 19, ஞாயிறு

கையால் எழுதவே முடியவில்லை. எழுத்து கோணல்மாணலாகப் போகிறது. பரவாயில்லை.

சர்ச் முடிந்ததும் ஆர்விட்டிடம், மளிகை வாங்கி வருகிறேன் என்று சொல்லிவிட்டு ஒர்க்‌ஷாப்புக்குப் போனேன். சாவி என்னிடம் உண்டு. நீலப் பெட்டியை எடுத்தேன். நானே கழற்றிவிட்டால்? திங்கள் காலை ஜீன் வந்து பார்க்கும்போது போல்ட் மேஜைமேல் கிடக்கும். அந்த ஒரு காட்சிக்காகத்தான் போனேன். லெராயின் தலைவலிக்காக என்று சொன்னால் அது பொய்.

கையில் கிரீஸ் தடவிக்கொண்டு, மூச்சை அடக்கி, மூட்டைத் தள்ளித் தள்ளி உள்ளே விட்டேன். போய்விட்டது! டிரில்லைப் பிடித்தும் விட்டேன். பிட் நுனி துண்டின் நடுவைத் தொட்டதைக்கூட உணர்ந்தேன். விசையை அழுத்தப் போனேன். விரலில் பலமே இல்லை. சரி என்று டிரில்லை விட்டுவிட்டுக் கையை இழுத்தேன்.

வரவில்லை.

மறுபடி இழுத்தேன். வரவில்லை. மூட்டு கொக்கிக்குள் சிக்கி, இழுக்க இழுக்க வீங்குகிறது. ஞாயிற்றுக்கிழமை ஹீட்டரைக் குறைத்து வைத்திருப்பார்கள். தரை ஐஸ். போன் என் டூல் பாக்ஸ் மேலே. நான் சக்கரம் இருந்த இடத்தில் முட்டி போட்டு, ஒரு கையை வண்டிக்குள் கொடுத்துவிட்டு நிற்கிறேன். வண்டிக்குள் கை வைத்துத் திருடினவள் மாட்டிக்கொண்டதுபோல். கத்தினேன். யாருக்குக் கேட்கும்? அழுதேன். அதுவும் யாருக்கும் கேட்கவில்லை என்றுதான் நினைத்தேன்.

கதவு திறந்தது. இவெட்.

அவள் கையில் ஒரு பை. என்னைப் பார்த்து அப்படியே நின்றாள். தரையில் திறந்து கிடந்த நீலப் பெட்டியையும் பார்த்தாள். எதிர்ப்பக்கம் சுத்துற பிட் செட், முழுசாக. முகம் மாறியது. திரும்பிப் போய்விடுவாள் என்றே நினைத்தேன். நானாக இருந்தால் போயிருப்பேனோ?

"எவ்வளவு நேரமா?"

"தெரியல. விரல் மரத்துப்போச்சு."

பாத்ரூமிலிருந்து பாத்திரம் கழுவும் திரவ சோப்பைக் கொண்டுவந்தாள். மேலிருந்து இடது கையை விட்டுக் கொக்கியின் இரண்டு ஸ்க்ரூக்களையும் கழற்றினாள். தடவிப் பார்த்துத்தான், பார்வையே படாத இடம். சோப்பை ஊற்றினாள். "மூச்சை வெளிய விடு. இழுக்காத, தளர விடு." என் கை வழுக்கி வெளியே வந்தது. வாழ்க்கையில் அவ்வளவு சத்தமாக நான் திட்டியதில்லை. என் கையைத்தான் திட்டினேன்.

வெந்நீர்க் குழாயில் கையைக் காட்டிக்கொண்டு நின்றேன். அவள் பின்னால் நின்றாள்.

"இல்லன்னு சொன்னே."

"சொன்னேன்."

"என் கையை நம்பமாட்டியா? இல்ல, என்னையே பிடிக்கலையா?"

"நீ ஏன் ஞாயித்துக்கிழமை வந்தே?" என்று திருப்பிக் கேட்டேன்.

அவள் பையை மேஜைமேல் கொட்டினாள். அறுத்து, சூடு காட்டி வளைத்த ஸ்பானர் ஒன்று, சுருட்டிய கம்பி, வீட்டிலேயே செய்த ஏதேதோ. "நீ ஏன் வந்தியோ அதுக்குத்தான். இங்க வேலைக்குச் சேர்ந்த அன்னையிலேர்ந்து காதுல விழுறது ஒண்ணே ஒண்ணுதான். மார்லீன் கை, மார்லீன் கை. நான் அந்தக் கிளிப்பைக் கழட்டிக் கொடுத்தப்போகூட கிளைட் என்ன சொன்னான் தெரியுமா? 'பரவால்ல, மார்லீன் இருந்தா இன்னும் சீக்கிரம்.'"

எனக்குச் சிரிப்பு வந்தது. அவளுக்கு வரவில்லை.

அப்புறம் இரண்டு பேரும் சேர்ந்தே செய்தோம். என் பிட், அவள் டிரில், அவள் இடது கை. நான் கண்ணாடியும் விளக்கும் பிடித்துக்கொண்டு, கொஞ்சம் மேல, இன்னும் கொஞ்சம், இப்ப நேர், என்று சொல்லிக்கொண்டே இருந்தேன். பிட் கடித்தது. உள்ளே ஒரு முனகல். கண்ணாடியில் பார்த்தேன், துண்டு மெதுவாகச் சுற்றத் தொடங்கியது. சுற்றிச் சுற்றி அதுவே வெளியே வந்து அவள் உள்ளங்கையில் விழுந்தது. எனக்கு அவ்வளவு சந்தோஷம். அவ்வளவு எரிச்சலும். இரண்டையும் பிரிக்கத் தெரியவில்லை.

மளிகை வாங்காமலே வீட்டுக்கு வந்தேன். ஆர்விட் கையைப் பார்த்துவிட்டு, "முட்டை எங்க?" என்று மட்டும் கேட்டான். இப்போது துணியில் ஐஸ் கட்டிக் கொடுத்திருக்கிறான்.

ஜனவரி 20, திங்கள்

ஜீன் என் மேஜைமேல் கிடந்த போல்ட் துண்டை விளக்கு வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துக்கொண்டு ஒர்க்‌ஷாப் முழுக்க ஒரு சுற்று வந்தார். "பாத்தீங்களா! பாத்தீங்களா! கைன்னா அதுதான்டா கை!" என்று என் முதுகில் ஓங்கி ஒரு தட்டு. லெராய் என்னைக் கட்டிப்பிடித்தான்.

இவெட் என்னைப் பார்த்தாள். நான் சொல்வேன் என்று காத்திருந்தாள், தெரிந்தது. வாயைத் திறக்க ஒரு நொடி போதும்.

திறக்கவில்லை. அவள் தன் இழுப்பறையைச் சத்தமில்லாமல் மூடினாள்.

ஜனவரி 24, வெள்ளி

புயல் வந்து போய்விட்டது. லெராய் பெரிதாகப் புகை போட்ட மீன் ஒன்றைத் தாளில் சுற்றி, "மார்லீனுக்கு" என்று எழுதிக் கொண்டுவந்து கொடுத்தான். தலைவலி போய்விட்டதாம். இப்போது ராத்திரி மட்டும்தானாம்.

மீன் நன்றாக இருந்தது. தொண்டையில் இறங்கவில்லை என்று எழுத ஆசைதான். இறங்கியது. இரண்டு நாள் சாப்பிட்டோம்.

பிப்ரவரி 3, திங்கள்

காபி நேரத்தில் ஜீன் சொன்னார்: இவெட் கிளம்புகிறாள். கிரீன் பே நகரத்தில் வேலை பார்த்துவிட்டாளாம். இன்னும் இரண்டு வாரம்.

நான் கேட்டது கிடைத்துவிட்டது. அப்படித்தானே? அந்தச் சிவப்புப் பெட்டி போய்விடும். நான் மட்டும்.

கிளைட் ஏலக்காய் ரொட்டியைக் காபியில் முக்கிக்கொண்டே, "நமக்கென்ன கவலை, மார்லீன் கை இருக்கே," என்றான். இவெட் தன் கப்பை எடுத்துக்கொண்டு எழுந்தாள்.

எப்படிச் சொன்னேன் என்று தெரியவில்லை. சொல்லிவிட்டேன். "லெராய் போல்ட்டை எடுத்தது நான் இல்ல. அவ. என் கை உள்ள போய் மாட்டிக்கிச்சு, சோப்பு ஊத்தி எடுத்து விட்டதும் அவதான். பிட் என்கிட்ட இருந்துச்சு, இல்லன்னு பொய் சொன்னேன்."

கிளைட் ஜோக் என்று நினைத்துச் சிரித்தான். நான் எல்லோர் முன்னாலும் கையை மூடிக் காட்டினேன். மூட முடியவில்லை என்று காட்டினேன். அவன் சிரிப்பு நின்றது.

ஜீன் என் விரல்களையே பார்த்தார். "ஏம்மா முன்னாடியே சொல்லல?"

"சொன்னா என்னை எதுக்குக் கூப்பிடுவீங்க? நான் வேற எதுக்கு இருக்கேன் இங்க?"

அசிங்கமாகிவிட்டது. ஜீன், "நீ கைக்காகவா இருபது வருஷமா இருக்கே? கிறுக்கு!" என்றார். கோபமாகத்தான் சொன்னார்.

இவெட்டுக்கு மனசு இளகியது என்று நினைத்தால் தப்பு. கப்பை ணங்கென்று வைத்தாள். "ரெண்டு வாரம் கழிச்சுச் சொல்றா! அந்த மீன்ல பாதியாவது குடுத்தியா?"

கொடுக்கவில்லை. முள்ளைக்கூடக் கொடுக்கவில்லை.

பிப்ரவரி 7, வெள்ளி

அவள் போகவில்லை. ஜீன் அவளிடம் ஏதோ பேசினார். என்னிடம் ஒன்றும் பேசவில்லை அவள். காலையில் தலையை ஆட்டினாள், அவ்வளவுதான். இன்று எட்டாத இரண்டு வேலைக்கும் அவளைத்தான் கூப்பிட்டார்கள். நான் என் மேஜையில் ஒரு கார்புரேட்டரை மூன்று தடவை துடைத்தேன். எரிகிறது. உண்மை வெளியே வந்துவிட்டால் எரிச்சல் போய்விடும் என்று யார் சொன்னது?

டாக்டர், மூட்டுத் தேய்மானம் என்கிறார். போன வருஷமே வந்திருக்கலாமே என்கிறார். மாத்திரை, வெந்நீர், பொறுமை. மூன்றாவது என்னிடம் ஸ்டாக் இல்லை.

பிப்ரவரி 15, சனி

சனிக்கிழமை சௌனாவுக்கு, ஆவிக்குளியலுக்கு, இவெட்டைக் கூப்பிட்டேன். எங்கள் ஊரில் வீட்டுக்குள் கூப்பிடுவதைவிடச் சௌனாவுக்குக் கூப்பிடுவதுதான் பெரிய விஷயம். வரமாட்டாள் என்று நினைத்துத்தான் கூப்பிட்டேன். வந்துவிட்டாள். மீன் கொண்டுவந்திருந்தாள், கடையில் வாங்கியது. "உனக்குப் பிடிக்குமே," என்றாள். குத்துகிறாள் என்று புரிந்தது. நல்லதுதான், குத்துவது பேசாமல் இருப்பதைவிட மேல்.

ஆர்விட் விறகை நன்றாக அடுக்கியிருந்தான். மேல் பலகையில் உட்கார்ந்தோம். அடுப்பில் சூடேறிய கல்லில் நான் தண்ணீர் ஊற்றினேன். ஆவி ஏறியது. அப்போதுதான் பார்த்தேன். அவள் இடது கையைத் துண்டுக்குள் வைத்துக்கொண்டு கட்டைவிரல் அடியை அழுத்தி அழுத்தி விட்டுக்கொண்டிருந்தாள். நான் பார்ப்பதைப் பார்த்ததும் நிறுத்தினாள்.

"காட்டு," என்றேன்.

"ஒண்ணுமில்ல."

"காட்டுன்னா."

காட்டினாள். கட்டைவிரல் அடிமூட்டு புடைத்திருக்கிறது. என்னுடையதும் இப்படித்தான் ஆரம்பித்தது.

சந்தோஷமாக இருந்தது. ஒரு நொடி. முழு நொடி. இதை இங்கே எழுதாவிட்டால் இந்த நோட்டு எதற்கு?

அப்புறம் அவள் முகத்தைப் பார்த்தேன். என் முகம்தான் அது, இலையுதிர் காலத்தில் காபி டம்ளரைப் பிடித்துக்கொண்டு நின்ற முகம். அழுகை வந்துவிட்டது எனக்கு. ஆவியில் தெரிந்திருக்காது.

"எப்பலேர்ந்து?"

"கிறிஸ்துமஸுக்கு முன்னாடி. இந்த வேலைல வலி ஏறிட்டே போகுது. யார்கிட்டயும் சொல்லாதே மார்லீன். ஜீன்கிட்ட சொன்னே, அவ்வளவுதான்."

"நாளன்னிக்கே டாக்டர்கிட்ட போ. நான் பண்ணின மாதிரி பண்ணாதே."

"போறேன். நீ சொல்லாதே."

"சொல்லமாட்டேன்."

மார்ச் 4, செவ்வாய்

ஒரு பிக்கப், ஸ்டார்ட்டர் மோட்டார் மாற்ற வேண்டும். மேல் போல்ட் அதே மாதிரி சந்தில். ஜீன் அலுவலகத்திலிருந்தே, "இவெட்!" என்று கத்தினார்.

அவள் எழுந்தாள். கையுறைக்குள் கட்டைவிரலை ஒரு தடவை மடக்கிப் பார்த்துக்கொண்டாள். வேறு யாரும் கவனிக்கவில்லை.

"அது என்கிட்ட குடுங்க," என்றேன்.

கிளைட், "உன்கிட்டயா? மறுபடியும் சோப்பு வேணுமா?" என்றான்.

"கை எதுக்கு? கியர் பாக்ஸையே கீழ இறக்கிட்டா போல்ட் வெளியில நிக்கும். ஸ்பானர் போட்டுக் கழட்டிடலாம்."

"ஒரு போல்ட்டுக்கு வண்டியையே பிரிப்பியா? நாள் முழுக்க ஆகும்!"

"ஆகட்டும். இனிமே அந்த மாதிரி வேலையெல்லாம் இப்படித்தான். கையை விடற வேலை இந்த ஒர்க்‌ஷாப்புல வேண்டாம்."

ஜீன் வெளியே வந்து என்னைப் பார்த்தார். இவெட்டையும் பார்த்தார். என்ன புரிந்துகொண்டாரோ, வேலைச் சீட்டை என் மேஜைமேல் வைத்துவிட்டுப் போனார்.

இறக்கி ஏற்றச் சாயங்காலம் ஆகிவிட்டது. மத்தியானத்துக்கு மேல் இவெட் தன் வேலையை முடித்துவிட்டு வந்து, கூப்பிடாமலே ஜாக்கைப் பிடித்தாள். கிளைட் நாள் முழுக்கக் கிண்டல் செய்துகொண்டே இருந்தான். கிழவிக்குச் சோம்பல் வந்துவிட்டது என்றான், பழைய மார்லீனாக இருந்தால் காபி ஆறுவதற்குள் முடித்திருப்பாள் என்றான்.

நான் அடுத்த போல்ட்டில் ஸ்பானரை மாட்டினேன்.